செவ்வாய்க்கிழமைக்கு ஒரு புதுச் சட்டி

“மலையும் கடலும் ஒரே யன்னலுக்குள்ள வருமா, அம்மா?”

ஆறு வயதில் மகள் லக்ஷிகா கேட்டது. ஐந்து ஆண்டுகள் தேடி, தென்தீவின் கோடியில் அப்படியொரு வீட்டைக் கண்டுபிடித்தார் தாதியான கௌரி. பின்னால் புதர் மண்டிய மேட்டுவெளி, முன்னால் கடல். பள்ளி விடுமுறை வாரத்துக்கு அதை யாரோ முன்பே வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

இப்போது வீட்டுக்காரரின் கடிதத்தோடு, ஈஸ்ட் டாமாக்கிப் புறநகரில் துப்பறிவாளர் பாஸ்கரனின் அலுவலகத்துக்கு வந்திருந்தார். முன்பதிவு செய்தவர் கௌரிக்காக விட்டுக்கொடுத்துவிட்டாராம். பெயர் சொல்ல வேண்டாம் என்றாராம். செவ்வாய்க்கிழமை சமைக்க, இறைச்சி படாத புதுச் சட்டியும் வாங்கி வைக்கச் சொன்னாராம். மாலை ஐந்துக்குள் கௌரி பதில் சொல்ல வேண்டும்.

“ஸ்கேம் சார்!” என்றாள் உதவியாளர் அபர்ணா.

“ஏமாத்துறவன் சட்டி வாங்கித் தருவானாம்மா?” பாஸ்கரன் சிரித்தார். “வீட்டைப் பத்தி யார்கிட்ட பேசினீங்க?”

“என்னோட வேலை செய்யிற தேவதர்ஷினி, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போற குலசிங்கம் அண்ணை, தெருமுனை டெய்ரிக் கடை நவரத்தினம் அண்ணை. படத்தைக் காட்டினதும் அவர் பாலைப் பையில வைக்கவே மறந்திட்டார்.”

“நீங்க விரதம் இருக்கறது செவ்வாயா?”

“இல்லை, வெள்ளி. வார்டிலயும் கோயில்லயும் எல்லாருக்கும் தெரியும்.”

“எப்பவாவது செவ்வாய்?”

கௌரியின் குரல் தணிந்தது. “ரெண்டு வருசத்துக்கு முன்னம், ஆறு செவ்வாய். நவரத்தினம் அண்ணையின்ட மனுசி எங்கட வார்டில நோயாளியா இருந்தவ. அவவுக்காகத்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்ணை ஒருநாள் மீன் ரோல்ஸ் நீட்ட, ‘இண்டைக்கு விரதம்’ எண்டு மட்டும் சொன்னன்.”

“மத்த ரெண்டு பேருக்கும் வெள்ளின்னு தெரியும். செவ்வாய்தான்னு நினைக்கக் கூடியவர் அவர் ஒருத்தர்தான். குணமாகி வந்த மனைவிக்காக அவர் எடுத்த வீடு. நீங்க காட்டின படமும் அதே வீடு. பால் மறந்தது அதனாலதான்.”

“ஐயோ, அப்ப அந்த அக்காவின்ட பயணம்?”

“அவங்க பள்ளி விடுமுறை பார்த்துப் போக வேண்டியதில்லை. அந்த ஜன்னல் அடுத்த மாசமும் அங்கேயேதான் இருக்கும். போங்க. நன்றி சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீங்க.”

கௌரி வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து “ஓம்” என்றார். அபர்ணா கைதட்டினாள். மணி நாலே முக்கால்.

விடுமுறை வாரத்தின் செவ்வாய் விடியலில், அந்த வீட்டில், மகள் எழுமுன், கௌரி புதுச் சட்டியில் பால் காய்ச்சிக் குடித்தார். அன்று முழுக்க அவருக்கு அதுதான் ஆகாரம். மலையும் கடலும் ஒரே ஜன்னலில் வெளுத்துவர, நவரத்தினத்தின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் சொல்லிக் கைகூப்பினார். பிறகு சட்டியைத் துலக்கி, அடுத்து வருகிறவர்களுக்காகக் கவிழ்த்து வைத்தார்.