வேலிக்குள் இருந்த கூடு

"கையில என்னங்க அது?"

சிட்டு போட்ட அதட்டலில், பூப்பாத்தியின் மேல் குனிந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

கத்தரிக்கோல். அதுவும் சின்னதா? முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று... அவன் காலடியில் அம்மாவின் நீலப்பூச் செடி. நேற்று மாலை ஐந்து தளிர்கள் இருந்தன. இப்போது இரண்டுதான். மற்ற மூன்றும் சாய்வாக, வழவழவென்று, சீவி எடுத்த மாதிரி...

"வெட்டிட்டீங்களா..." என்றாள் அவள்.

"ஐயோ, நான் இல்லங்க! அக்காவோட துண்டு மாடியிலேர்ந்து காத்துல விழுந்துடுச்சு. எடுக்கக் குனிஞ்சேன், கத்தரி உறையிலேர்ந்து நழுவிடுச்சு. அவ்ளோதான்."

"துண்டு எடுக்க வர்றவங்க கத்தரிக்கோலோடதான் வருவாங்களா?"

"வேலைக்குப் போறேங்க. நான் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டுறவன். இத எங்கயும் வெச்சுட்டுப் போக மாட்டேன், யார் கையிலயும் குடுக்க மாட்டேன். இதால பேப்பரக்கூட வெட்ட மாட்டேன், முனை மழுங்கிடும். செடியப் போய் வெட்டுவேனா?"

அவன் மண்டியிட்டு, அறுபட்ட தளிரைக் கண்ணருகே கொண்டு போனான். இமைகள் சுருங்கின. நிதானமான, அவசரமே தெரியாத கண்கள்... அதைக் கவனித்ததற்காகவே சிட்டுவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"இது கத்தரி வேலையே இல்ல. கத்தரிக்கு ரெண்டு அலகு, ரெண்டு பக்கமும் லேசா நசுங்கும். இது ஒரே பக்கத்துலேர்ந்து மேல ஏறின வெட்டு. பல்லுங்க."

"பல்லா? யார் பல்லு? உங்க பல்லா?"

மாடியில் யாரோ சிரித்தார்கள். எட்டு வீடுகள் உள்ள கட்டிடம். எட்டு வீட்டு ஜன்னல்களிலும் தலைகள். அந்தச் சிரிப்புதான் வினை. சிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் கதை சொல்வாங்க!"

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. கத்தரியை உறையில் போட்டான். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேசியது அவன் அக்காதான், இரண்டாவது மாடியிலிருந்து. "யாரடி திருடன்ங்கற? போன வாரம்தான் குடி வந்தோம், அதுக்குள்ள பட்டமா? எட்டு வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொன்னல்ல... ஞாபகம் வெச்சுக்கோ!"

ஒரு செடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் செடி, குளிர் வந்தால் தரையோடு செத்துப் போகும். வெயில் திரும்பியதும் அதே வேரிலிருந்து எழுந்து வரும். அம்மா நட்டு ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் வந்தது. அம்மாதான் போன குளிரில் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா கீழே இறங்குவதில்லை. பேச்சும் இல்லை. காலையில் கண் விழித்ததும் ஒரே ஒரு கேள்வி மட்டும்.

"வந்துருச்சா, சிட்டு?"

தளிர் விட்ட அன்று, "வந்துருச்சுப்பா" என்றாள். அப்பா அன்றைக்கு இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டார். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் அவள். யார் உடம்பில் எது குறைகிறது என்று படித்துச் சொல்லத் தெரியும். அப்பாவுக்குக் குறைந்தது எதுவென்று எந்தக் குழாயிலும் தெரியவில்லை. இந்தச் செடி மட்டும் போய்விட்டால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

அன்று மாலை மழை விட்ட நேரம். பாத்தியோரம் பழுப்பாக ஒன்று அசைந்தது. நீண்ட காதுகள். தலையைச் சாய்த்து, மீதியிருந்த இரண்டு தளிர்களில் ஒன்றை நறுக்கென்று... முயல்!

அவள் ஓடி வருவதற்குள் அது புதருக்குள் மறைந்தது. தளிரைப் பார்த்தாள். அதே சாய்வு. அதே வழவழப்பு.

பல்லுங்க, என்றானே.

முகமெல்லாம் சூடாகிவிட்டது சிட்டுவுக்கு. தலை தானாக இரண்டாவது மாடிப் பக்கம் திரும்பியது. ஜன்னலில் அவன். பார்த்துவிட்டான். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்கிற சிரிப்பு எதுவும் அவனிடம் இல்லை. மெல்ல உள்ளே போய்விட்டான். அது இன்னும் வலித்தது.

மறுநாள் நாற்றுப்பண்ணைக்காரம்மா, கம்பி வலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே விசாரித்தாள்.

"தண்ணி எவ்ளோ ஊத்துற?"

"காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி."

"அது செடிம்மா, எருமை இல்ல! வேர் அழுகிடும். மேல மண்ணும் குவிச்சு வெச்சிருப்பியே?"

"குளிருமேன்னு..."

"எடுத்துடு. தண்டும் வேரும் சேர்ற கழுத்து மூச்சு விடணும். வேர்ல சேத்து வெச்ச சத்துலதான் ஒவ்வொரு தடவையும் அது துளிர்க்குது. ஏற்கெனவே ரெண்டு தடவை கடி பட்டுருக்கு. இன்னொரு தடவை மொத்தமா போச்சுன்னா எழுந்திரிக்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

வலை வாங்கியாயிற்று. எப்படிக் கட்டுவது? சும்மா நட்டால் கீழே தோண்டிக்கொண்டு வருமாமே...

மறுநாள் காலையில் கதவுக்கடியில் ஒரு பழுப்புக் காகிதம் கிடந்தது. துணிக்கு வெட்டுவது போலவே அளவாக வெட்டிய காகிதம்! வலையின் நீளம், நான்கு மூலை, ஓரத்தில் கோடு. 'ரெண்டடி மேலே. ஒரு சாண் மண்ணுக்குள். இங்கே வெளிப்பக்கம் மடிப்பு.' மடிப்புக்குப் புள்ளி புள்ளியாகக் கோடு. பெயர் போடவில்லை. போட வேண்டுமா என்ன?

அந்தக் கதவைத் தட்டி நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் நன்றி சொன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டும். அதுவும் அந்த அக்கா முன்னால்! சிட்டுவின் கால், மாடிப்படியில் நான்கு படி ஏறி, நான்கு படியும் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வேலி தயார். காகிதத்தில் இருந்த அளவு ஓர் அங்குலம் பிசகவில்லை. உள்ளே அந்த ஒரே தளிர், பத்திரமாக. செடியைச் சுற்றி உதிர்ந்து கிடந்த காய்ந்த புல்லைக் கலைக்கவில்லை, வேருக்கு இதமாக இருக்கட்டும் என்று.

திங்கள் மாலை. தூறல். வேலை முடிந்து வந்தவள், வேலியருகே அந்தக் கட்டிங் மாஸ்டர் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தாள்.

"அங்க பாருங்க," என்றான், மெதுவாக. சண்டைக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை.

அந்த முயல். வேலியை ஒட்டி ஓடியது. மூலையில் நின்றது. மண்ணைக் கீறியது. திரும்பி ஓடியது. மறுபடியும் மூலை...

"திங்க வருது. விடாது போல," என்றாள்.

"நேத்து சாயங்காலமும் பாத்தேன். காலையிலயும் இப்படித்தான் சுத்துச்சு. வெளிய இவ்ளோ புல் இருக்குங்க, ஒரு வாய் வைக்கல. திங்க வர்றது மாதிரி இல்ல. உள்ள எதையோ விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

சிட்டு வேலியைத் தாண்டி உள்ளே இறங்கி, செடியடியில் கிடந்த காய்ந்த புல்லை விரல் நுனியால் விலக்கினாள்.

பஞ்சு மாதிரி ரோமம். அதற்குக் கீழே உள்ளங்கையளவு குழி. கண் திறக்காத நான்கு குட்டிகள். மூன்று நெளிந்தன. ஒன்று நெளியவில்லை. தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை... அவ்ளோதான் வந்து பால் குடுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் அவன். "நேத்து மதியத்துலேர்ந்து அதையும் அடைச்சுட்டோம். நான் வெட்டிக் குடுத்த அளவு... ஒரு ஓட்டை விடல நான். சரியா வெட்டிட்டேன்னு சந்தோஷப்பட்டேங்க."

"கட்டினது நான்."

மழை வலைக்கம்பியில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது.

"செடிக்கு மட்டும் தனியா ஒரு சின்ன கூண்டு..." என்று ஆரம்பித்தாள்.

"பாத்தேன். கூடு வேரை ஒட்டியே இருக்கு. கூண்டு வெச்சா கூட்டு மேலதான் உக்காரும். குட்டிகளை இடம் மாத்தலாம்னா, தாய் தேடிக் கண்டுபிடிக்குமோ என்னவோ."

"அப்போ வேலியத் திறக்கணும். எவ்ளோ நாளைக்கு?"

"ரெண்டு வாரம். கூடவும் ஆகலாம்." அவன் தயங்கினான். "உங்க செடி... உங்க அப்பா..."

எப்படித் தெரியும் இவனுக்கு? எட்டு வீடுகள் உள்ள கட்டிடத்தில் எதுதான் தெரியாது!

சிட்டு அந்த ஒற்றைத் தளிரைப் பார்த்தாள். நாளை காலை அப்பா கேட்பார். என்ன சொல்வாள்? வேலிக்கு வெளியே முயல் ஓடுவதை நிறுத்திவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடுபட்டு நட்ட கம்பியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவன் கையும் சேர்ந்து இழுத்தது. ஒரு பக்கம் மொத்தமும் திறந்தது.

படிக்கட்டில் போய் ஒளிந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு படி இடைவெளி. முயல் தயங்கித் தயங்கி வந்தது. கூட்டின் மேல் ஏறி அசையாமல் உட்கார்ந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு கால் மாற்றி, ரோமத்தை இழுத்து மூடி, திரும்பும்போது... நறுக்.

கடைசித் தளிர்.

மாஸ்டர் கையைத் தட்டி விரட்ட எழுந்தான். அவன் மணிக்கட்டைச் சிட்டு இறுக்கிப் பிடித்தாள்.

"விடுங்க... பால் குடுக்குற உடம்பு. பசிக்கும்."

சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. அம்மா போனபோது வராத கண்ணீர், மூன்று மாதமாக எங்கேயோ கட்டி நின்ற கண்ணீர். அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை. "வந்துருச்சா, சிட்டு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலி, கூடு, ஜில்லென்று இருந்த குட்டி, கடைசித் தளிர். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம்.

"மிச்சம் எத்தனை குட்டி?" என்று கேட்டார்.

"மூணுப்பா."

"செருப்பு எங்க இருக்கு என்னுது?"

அப்பா கீழே இறங்கினார்! அதன் பிறகு தினமும் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்தான் காவல். மாஸ்டர் வேலைக்குப் போகும்போது அவரிடம் நின்று விவரம் கேட்டுவிட்டுப் போவான். கண் திறந்துவிட்டது... காது நிமிர்ந்துவிட்டது... ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது... சிட்டு குவித்து வைத்த மண்ணையெல்லாம், குட்டிகளுக்குத் தொந்தரவில்லாமல் மெல்ல மெல்ல அகற்றினாள். தண்ணீரையும் குறைத்தாள். தளிரே இல்லாத வெறும் கட்டை. அதற்கும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

பத்தொன்பதாம் நாள் கூடு காலி. மூன்றும் போய்விட்டன. இருவருமாக வேலியை மறுபடி மூடினார்கள். இந்த முறை குழி முழுக்கத் துழாவிப் பார்த்த பிறகே.

மூடி முடித்ததும் மேலிருந்து குரல் வந்தது. "டேய்! திருடன்னு சொன்னவளுக்கு வேலி கட்டுற அளவுக்குப் போயாச்சா?"

மாஸ்டர் வாயைத் திறக்குமுன் சிட்டு எழுந்து நின்றாள். கை முழுக்க மண். எட்டு ஜன்னலுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அக்கா! உங்க தம்பி என் செடியத் தொடவே இல்ல. முயல்தான் கடிச்சுது. அன்னைக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். அவர் மேல பழி போட்டது தப்பு... வாய மூடிட்டு இருந்தது அதவிடத் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள்.

"ம்... முழுசா சொன்ன வரைக்கும் சரி. எனக்கு மனசு ஆற ரெண்டு நாள் ஆகும்." ஜன்னல் படாரென்று மூடியது.

இரண்டு நாள் இல்லை, நான்கு வாரம் ஆயிற்று. செடிக்கும்தான். மாதம் முழுக்க வெறும் கட்டை. வேர் இருக்கிறதா, போய்விட்டதா? யாருக்கும் தோண்டிப் பார்க்கத் துணிவில்லை. பிறகு ஒரு காலை, மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் அப்பா கத்தினார், "சிட்டு! ஓடி வா!"

கட்டையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு முளை. அரிசியளவு. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சின்னதாக. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாடியேறிவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் சிட்டு. அந்தப் பக்கம், வேலைக்குக் கிளம்பிய மாஸ்டர்.

"இந்த வருஷம் பூக்காது," என்றாள், முளையிலிருந்து கண்ணெடுக்காமல். "பொழச்சதே பெருசு."

"ஆமா."

"என்ன ஆமா? வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

அவன் தொண்டையைச் செருமினான். "போன மாசம் மூணு சட்டைத் துணிய அளவு தப்பா வெட்டிட்டேங்க. பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட நான் தப்பா வெட்டினதில்ல. என்ன ஆச்சு மாஸ்டர், கண்ணு தெரியலயான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியுது, ஒரே முகம்தான் தெரியுதுன்னா சொல்ல முடியும்?"

சிட்டு மண்ணையே பார்த்தாள். காதுமடல் வரை சூடு. அவனும் மண்ணையே பார்த்தான். மேலே ஜன்னல் திறந்தது.

"டேய்! எவ்ளோ நேரம்டா ரெண்டு பேரும் மண்ணையே பாப்பீங்க? அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

அவன் நிமிர்ந்தான். இமையோரத்தில் மழைத்துளி. அந்த அவசரமில்லாத கண்கள் இன்று கொஞ்சம் நடுங்கின.

"உங்களத்தான்ங்க... உங்க முகம்தான்."

"கேட்டுச்சு," என்றாள் சிட்டு, சிரிப்பும் அழுகையுமாக. "எனக்கும்தான் மாஸ்டர். மணிக்கட்டைப் பிடிச்சேனே... அன்னைக்கே விட மனசில்ல."