திரும்பிப் பாரேன்டி

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆட்டோ உள்ளே போனால் திரும்ப இடமில்லை. அதன் கடைசி வீட்டு வாசலில், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில், டிராலிப் பையோடு வந்து நின்றாள் ரஞ்சனி. ஒரு செமஸ்டர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வருகிறாள். அக்கா ராசாத்தி இருந்திருந்தால் ஆரத்தித் தட்டோடு சந்து முனைக்கே வந்து ஊரையே கூட்டியிருப்பாள். ராசாத்தி இறந்து மூன்று மாதம் ஆகிறது.

கதவைத் திறந்தது அக்காவின் கணவன் கலையரசன். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு மாமா. உங்களுக்கு டீ போடட்டுமா?"

"வேணாம்மா. டீயை விட்டுட்டேன்." பையை வாங்கி உள்ளே வைத்தவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அன்னைக்கு வேலை முடிஞ்சு வரும்போது டீக்கடையில நின்னேன். அரட்டை. கொஞ்ச நேரம்தான். இங்க வந்து பார்த்தா அடுப்பு முன்னாடி கிடக்குறா. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க அம்மாவே சொல்லுது, நீதான்டா கொன்னுட்டேன்னு."

"அப்படியெல்லாம் இல்ல மாமா..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. எப்படி வரும்? யார் கொன்றது என்று அவளுக்குத் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்!

அந்தக் கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

அம்மா இல்லாத பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவள் ராசாத்தி. தங்கை சீமைக்குப் போனதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறையில் துவரம்பருப்பு டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டுவிடுவாள். பேசவேண்டும் என்றில்லை. இவள் இங்கே கத்திரிக்காய் நறுக்குவாள், அவள் அங்கே படிப்பாள். இங்கே விளக்கு வைக்கும் நேரம் அங்கே மதியம். நடுநடுவே, "ஏன்டி நெத்தியைப் பாழா வச்சிருக்கே, ஒரு பொட்டு வச்சா வெள்ளைக்காரன் நாடு கடத்திடுவானா?" என்று ஒரு குட்டு. ரஞ்சனி முதுகைக் காட்டி உட்கார்ந்தால், "திரும்பிப் பாரேன்டி, மூஞ்சியைக் காட்டு" என்று கெஞ்சல்.

முதல் மாதம் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு சலித்தது. கூடத் தங்கியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தபோது வெட்கமாகவும் இருந்தது. வீடியோ காலை நிறுத்தினால் அக்கா அழுவாள். அதனால் ரஞ்சனி ஒரு தந்திரம் செய்தாள்.

குளிருக்கென்று சின்னக்கடை வீதியில் தேடி அலைந்து அக்கா வாங்கிக் கொடுத்த பச்சை ஜெர்கின் ஒன்று இருந்தது. தலையை மூடும் தொப்பி வைத்தது. அங்கே போனதும் அது பட்டிக்காட்டுத்தனமாகத் தோன்ற, வேறு கோட்டு வாங்கிக்கொண்டாள். பழசை நாற்காலிக்கு மாட்டி, உள்ளே தலையணையைத் திணித்து, தொப்பியைத் தூக்கி நிறுத்தினாள். பின்னாலிருந்து பார்த்தால் சாட்சாத் ரஞ்சனி குனிந்து படிக்கிற மாதிரியே இருந்தது. "பரீட்சை வருதுக்கா, பேசமாட்டேன், நீ பாட்டுக்கு இரு" என்று சொல்லி, போனை அதன் முதுகுக்கு நேரே வைத்து, சத்தத்தையும் அடைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவாள். ராசாத்தியும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சமைப்பாள்.

அன்றைக்கு அங்கே முதல் பனி விழுந்தது. எல்லோரும் கத்திக்கொண்டே வெளியே ஓடினார்கள். ரஞ்சனியும் ஓடினாள். பனியை உருட்டி எறிந்து, சிரித்து, கை விறைத்துத் திரும்பி வந்தபோது வீடியோ கால் துண்டித்திருந்தது. நல்லவேளை, அக்கா கண்டுபிடிக்கவில்லை என்று பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சுதான் இன்றுவரை அவள் தொண்டையில் நிற்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் எத்தனை தடவை அந்த ஜெர்கினைப் பார்த்துக் கூப்பிட்டிருப்பாள்? எத்தனை தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லியிருப்பாள்? ரஞ்சனி அறையில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போதும். "வந்தாலும் முகம் பார்க்கக் கிடைக்காது, பரீட்சையை முடிச்சிட்டு வா" என்று உறவுக்காரர்கள் சொன்னபோது, அழுதுகொண்டே சரி என்றாள். மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. சண்டாளி!

இப்போது அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிட்டால் அவர் பிழைப்பார். சொன்னால் இந்த வீட்டு வாசற்படியை இனி மிதிக்க முடியாது. அவளுக்கென்று இருப்பதும் இந்த ஒரு வீடுதான்.

"உயிர் போன இடத்துல விளக்கு வைக்கணும்னாங்க" என்றார் கலையரசன். "அடுப்பு முன்னாடி ஏத்தி வச்சேன். நிக்கவே இல்லம்மா. ஜன்னலைச் சாத்தினாலும் அணைஞ்சிடுச்சு. கருமாதி அன்னைக்கு அம்மா மண்டபத்துல சோறு வச்சா, படித்துறை பூரா காக்கா, ஒண்ணுகூட தொடலை. என்மேல கோவம் அவளுக்கு."

ரஞ்சனி எழுந்து போய்விட்டாள்.

மாமாவுக்கு வாங்கிவந்த சாக்லேட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். மேலாக அந்த ஜெர்கின். அடியில் அல்லவா வைத்தாள்? அதைத் தூக்கிப்போட எத்தனையோ முறை நினைத்தாள், அக்கா வாங்கியது என்று மனசு வரவில்லை. அந்த மூன்று மாதமும் அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அலமாரிக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனால், திரும்பி வரும்போது நாற்காலியில் இருக்கும். பெருங்காய வாசனை வேறு. தன் மறதி, தன் பிரமை என்று சொல்லிக்கொண்டாள்.

தொட்டாள். ஈரம். அந்த வெயிலிலும் ஐஸ் மாதிரி ஜில்லென்றிருந்தது.

காயட்டும் என்று சமையலறைக்குக் கொண்டுபோய், ஜன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

"மாமா!"

ஓடிவந்த கலையரசனின் முகம் மலர்ந்தது. "இத்தனை நாளா ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரலைம்மா! நீ வந்த நேரம்." மெஸ் பொட்டலத்திலிருந்து ஒரு கை சோற்றை அள்ளி ஜன்னல் விளிம்பில் வைத்தார். காக்கா உடனே தொடவில்லை. தலையைச் சாய்த்து உள்ளே நாற்காலியையே பார்த்தது. அப்புறம் ஒரு பருக்கை விடாமல் கொத்தித் தின்றது.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. கலையரசன் கூடத்தில் மெழுகுவத்தி தேடினார். ரஞ்சனி போன் வெளிச்சத்தில் தீப்பெட்டி எடுக்கச் சமையலறைக்குள் போனாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்தாள்.

கடுகு பொரிகிற சத்தம் கேட்டது.

அடுப்பு எரியவில்லை.

கறிவேப்பிலை, பெருங்காயம், காய்ந்த மிளகாய். அக்கா தாளித்தால் எப்படி இருக்குமோ அப்படியே நெடி ஏறியது. ரஞ்சனிக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

மடித்துப் போட்ட ஜெர்கின் மடிந்து கிடக்கவில்லை.

தொப்பி நிமிர்ந்திருந்தது.

அதற்குள் தலையணை இல்லை. தலையணை எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. ஆனாலும் தோள் இருந்தது, முதுகு இருந்தது. அந்த முதுகு மெதுவாக மூச்சு விட்டது.

"அக்கா..."

ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அக்கா, நான்தான்க்கா. ரஞ்சி. என்னைத் திட்டுக்கா. அடிச்சுக்கூடப் போடு. ஒரே ஒரு தடவை... திரும்பிப் பாரேன்க்கா."

முதுகு அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த முதுகைப் பார்த்து அக்கா எப்படிக் கெஞ்சியிருப்பாள் என்று. போனை அங்கேயே விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். மெழுகுவத்தியோடு நின்ற கலையரசனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"நீங்க கொல்லல மாமா! நான்தான். விழும்போது அக்கா என்கூட வீடியோ கால்ல இருந்துச்சு. நான் ரூம்லயே இல்ல. ஜெர்கினை நாற்காலியில மாட்டி ஏமாத்திட்டு விளையாடப் போயிட்டேன். அக்கா கூப்பிட்டப்போ அங்க யாருமே இல்ல மாமா!"

அடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. கலையரசன் மெல்லக் குனிந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இல்லையேம்மா" என்றார். "நீ இருந்தியே."

"இல்ல மாமா."

"நான் உள்ள வந்தப்போ அவளுக்கு மூச்சு இல்ல. போன் டப்பாமேல அப்படியேதான் இருந்துச்சு, கால் கட் ஆகல. நீ பச்சை ஜெர்கின் போட்டு முதுகைக் காட்டி உக்காந்திருந்தே. ரஞ்சனின்னு கத்தினேன். நீ திரும்பிப் பார்த்தே."

ரஞ்சனியின் அழுகை நின்றுபோனது.

"பார்த்துட்டு, நீதான் கட் பண்ணிட்டே. சின்னப் பிள்ளை, பயந்துடுச்சு, இதைப் போய்க் கேட்டு நோகடிக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

"மாமா... முகத்தைப் பார்த்தீங்களா?"

"தொப்பிக்குள்ள இருட்டும்மா. சரியாத் தெரியல." அவர் யோசித்தார். "ஆனா நெத்தியில பொட்டு தெரிஞ்சுது. பெரிய பொட்டு."

"நான் அங்க பொட்டே வச்சதில்ல மாமா."

கலையரசனின் கையிலிருந்த மெழுகு ஒழுகி விரலில் விழுந்தது. அவர் உதறவில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. விளக்கு ஏன் நிற்கவில்லை, காக்கா ஏன் தொடவில்லை என்று. ராசாத்தி இந்த வீட்டில் இல்லவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, தங்கை திரும்பாததால், என்னவோ ஏதோ என்று அவளே அங்கே போயிருக்கிறாள். போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதமாக, தங்கையின் முதுகுக்குப் பின்னால்.

இப்போது கூடவே வந்துவிட்டாள்.

கலையரசனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்தார். வீடியோ கால். திரையில் ஒளிர்ந்தது ரஞ்சனியின் பெயர்.

ரஞ்சனியின் போன் சமையலறையில், பருப்பு டப்பாமேல் இருந்தது.

"எடுக்காதீங்க மாமா" என்று கிசுகிசுத்தாள். அவர் விரல் அதற்குள் தொட்டுவிட்டது.

திரை இருட்டாக இருந்தது. மெல்ல மெல்ல ஜன்னல் கம்பி தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. நிமிர்ந்த தொப்பி, பச்சை முதுகு. கடுகு பொரியும் சத்தம் போனிலிருந்தும் வந்தது, சமையலறையிலிருந்தும் வந்தது.

ரஞ்சனி மாமாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

யாரும் கூப்பிடாமலே அது திரும்பத் தொடங்கியது.