கழுத்தில் விழுந்த ரேகை

பொம்மையின் கழுத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்புதான். கடையில் வாங்கிய ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மையின் மூஞ்சியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிசைந்து வைத்தால் தானே இறுகும் பசைமண்ணை அப்பி வேறொரு முகம் செதுக்கும்போது, ஈரத் தூரிகையால் தடவ மறந்தால் விரல் அப்படியே பதிந்துவிடும்; மண் இறுகியபின் கல்வெட்டு மாதிரி நிற்கும். ஆனால் அக்கா மறக்கவில்லை. நேற்றே உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாள். இப்போது அதே இடத்தில் அதே ரேகை. அவள் விரலைவிடப் பெரியது. குறுக்கே சாய்வாக ஒரு கோடு வேறு.

நேற்று சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி தேய்த்தாள். தேய்ப்பில் ஆத்திரம் இருந்தது. கூடத்தில் அம்மா கண்ணாடி டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தங்கையைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வருகிறாராம்.

தங்கை புருஷன் வீட்டிலிருந்து இங்கே ஓடிவந்த அன்று அவள் கழுத்தில் ஐந்து விரல் தடமும் கன்றிப்போயிருந்தன. அந்த நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி மறைவதற்குள் அம்மா சமாதானம் பேசி முடித்துவிட்டாள். அக்காவால் முடிந்தது இதுதான்: தங்கையின் முகத்தோடு வாள் பிடித்து நிற்கும் ஒருத்தியைச் செய்து அவள் கையில் கொடுத்தனுப்புவது.

பெட்டியை மூடிவிட்டுத் தங்கை எட்டிப் பார்த்தாள். "எனக்கு மூக்கு இவ்ளோ பெருசாக்கா?"

"மூக்கு சரியாத்தான் இருக்கு. புத்திதான் இல்ல."

"ஆரம்பிச்சுட்டியா?"

"கழுத்தை நெரிச்சவன்கூட கிளம்பிட்ட. நான் கைதட்டணுமா?"

"அவரு மாறிட்டாருக்கா. அப்படி அழுதாரு."

"வெங்காயம் உரிச்சாக்கூடத்தான் கண்ணுல தண்ணி வருது."

தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. "தொண்டையில என்னவோ அடைக்குது," என்று கழுத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

அக்கா குனிந்தாள். தேய்த்த பொடியை ஊதினாள். அதற்கடியில், கல்லாக இறுகிய மண்ணில், ரேகை முன்னைவிட ஆழமாக இருந்தது.

அவள் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. இருந்தும் பசைமண்ணை எடுத்தாள். மஞ்சள் ஒரு துண்டு, நீலம் ஒரு துண்டு. சமமாகப் பிசைந்தால் பச்சையாகி இறுகும். கூடத்தில் செருப்புச் சத்தமும், "வாங்க மாப்பிள்ளை" என்ற அம்மாவின் குழைவும் கேட்கக் கேட்க, கோபத்தில் கைக்கு வந்ததைக் கிள்ளிப் பிசைந்தாள். பச்சை கொஞ்சம் மஞ்சளடித்தது. கவனிக்கவில்லை. பொம்மையின் கழுத்தைச் சுற்றிக் கனமான ஒரு கவசம் வைத்தாள்.

"இப்ப எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்."

தங்கை புருஷன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை நிதானமாக வைத்தான். "அண்ணி பொம்மை விளையாடுறாங்களாமே, இந்த வயசுல!"

"பொம்மை திருப்பி அடிக்காதுல்ல. உங்களுக்கும் பிடிக்குமேன்னுதான்."

"ஏய், வாயை மூடு," என்றாள் அம்மா.

அவன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

கவசம் காயட்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று தங்கையை அனுப்பியாயிற்று. கார் தெருமுனை திரும்பியது. வீடு திடீரென்று சத்தமில்லாமல் போனது. அக்கா அவன் குடித்த டம்ளரைக் கழுவ எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அதன்மேல் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை தெரிந்தது. குறுக்கே, சாய்வாக, பழைய வெட்டுத் தழும்பின் கோடு.

அவன் அவளுடைய அறைக்குள் காலே வைத்ததில்லை.

ஓடினாள். அறையில் பசைமண்ணின் புளித்த வாடை. கவசத்தைத் தொட்டாள். வெண்ணெய் மாதிரி விரல் அமுங்கியது. மேஜையில் பார்த்தாள். மஞ்சள் முக்கால்வாசி காலி. நீலம் பாதிகூடக் குறையவில்லை. நீலம் குறைந்தால் இறுகாது. இன்றைக்கு இல்லை. என்றைக்குமே.

போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"போய்ச் சேர்ந்ததும் பேசுறேன்னாளே," கூடத்திலிருந்து அம்மா. "அதுக்குள்ள ஏன் தொந்தரவு பண்ற?"

கவசத்தில் ஒரு குழி விழுந்தது.

யாரும் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. குழிக்குள் ரேகை. சாய்வான கோடு. எதிர்ப்பக்கம் இன்னொரு குழி. அதை ஒட்டிப் பின்கழுத்தில் மூன்று. மண் பிதுங்கியது.

"விடுடா!" கத்தினாள். செதுக்கும் கருவியால் குத்தினாள். காற்றில் குத்தினாள். நகத்தால் பிறாண்டினாள். பிடித்து இழுக்க ஒரு விரல் இல்லை. அறைய ஒரு முகம் இல்லை. மண் மட்டும் பிதுங்கி, பிதுங்கி, அவள் கை வழியே ஒழுகியது.

மணி இன்னும் அடித்தது.

கழுத்து சிறுத்தது.

பொம்மையின் முகத்தில் கை வைத்தாள். கல். நான்கு நாளாகக் காய்ந்த கல். அதில் தங்கையின் உதடுகளை இறுக மூடியேதான் செதுக்கியிருந்தாள்.

அந்த வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.