வெள்ளிப் படிகத்தின் மேல் ஒரு மூச்சு

ஆய்வகத்தில், காற்றே இல்லாத எஃகுக் கலத்துக்குள் அழுத்தம் கொஞ்சம் ஏறியது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது.

ஓட்டை இருந்தால் ஏறிக்கொண்டேதான் போகும், இப்படி இறங்காது என்று ஹலீனாவுக்குத் தெரியும். கலத்துக்குள்ளே ஒரு வெள்ளிப் படிகம், அதன் மேல் ஓரணு கனத்தில் ஈயமும் பிஸ்மத்தும் கலந்த படலம். அதில் எலெக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று ஒரு கூர் ஊசி தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் டிராம் போனாலே அந்த ஊசி நடுங்கும். இன்று புனிதர் அனைவர் பெருவிழா, வ்ரோத்ஸ்வாஃப் நகரமே விளக்கேற்றக் கல்லறைக்குப் போயிருக்கிறது, அளக்க நல்ல நாள் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். கூட வேலை பார்த்த ஸ்தெபானின் கல்லறை முன்னால் நிற்கத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

ஆக்சிஜன் குறைந்தால் கூவும் அலாரம் அடிக்கடி வீணாகக் கூவி ஊசி எடுக்கும் படத்தைக் கெடுத்தது. போன வசந்தத்தில் ஒருநாள் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். திரவ நைட்ரஜன் ஊற்ற வந்த ஸ்தெபான், அது ஆவியாகி அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிட, இந்தத் தரையிலேயே மூச்சடைத்துச் செத்தான். வயரைப் பிடுங்கியது அவனேதான் என்று விசாரணையில் எழுதினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இவளும் தலையாட்டினாள்.

கலத்துக்குள் என்ன வாயு என்று திரையைப் பார்த்தாள். நீராவி. கரியமில வாயு. மூச்சு விட்டால் வெளியே வருவது. ஜன்னலுக்கு வெளியே சாயங்காலம் மங்கிக்கொண்டிருந்தது; காற்றை உறிஞ்சும் பம்பின் உறுமலுக்கு அடியில் வேறொரு சத்தம் ஏறி இறங்கியது.

போன் அடித்தது. ஸ்தெபானின் மனைவி ரோமானா, கல்லறைத் தோட்டத்திலிருந்து.

"இன்னுமா லேப்ல கிடக்க? அந்த ஊசியத்தான் கட்டிக்கப் போறியாடி?"

"கொஞ்சம் வேலை, ரோமானா."

"ஒண்ணு கேக்கணும். உங்கப்பன் முட்டாளான்னு ஸ்கூல்ல பையனக் கேலி பண்றாங்களாம். நெசமாவே அவருதான் வயரப் பிடுங்கினாரா? கூட வேலை பாத்தவ நீ. நீ சொன்னா நம்பிடுறேன்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்.

"ஆமா. அவருதான்."

சொன்னதும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அழுத்தம் குதித்தது. இறங்கியது. குதித்தது. வேகமாக. இன்னும் வேகமாக. தவிப்பாக.

"ஹலீனா..." ரோமானாவின் குரல் மாறியிருந்தது. "உன் பக்கத்துல யாரு?"

"யாருமில்லயே."

"மூச்சு வாங்குற சத்தம் கேக்குது. அவரு மாதிரியே."

ஹலீனா திரும்பினாள். கலத்தின் வட்டக் கண்ணாடி வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.

ஆவி உள்ளே.

போனில் ரோமானா அழுதுகொண்டே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து ஒரு விரல் மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தது, இந்தப் பக்கம் நிற்பது யார் என்று பார்க்க.