பசித்திறப்பு

மதியமாகியும் ஓசூர்த் தொழிற்பேட்டையில் எந்த ஆலையின் இயந்திரமும் நிற்கவில்லை. ஊட்டுவில்லை வந்தபின் சாப்பாட்டு இடைவேளை என்பதே கிடையாது. பொத்தான் அளவுள்ள வில்லை அது. இடது கையின் தோலுக்கடியில் பதித்துவிடுவார்கள். காலையில் ஒரு குவளை சத்துநீர் குடித்தால் போதும், வில்லை அதை நாள் முழுவதும் உடலுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, பசி என்ற செய்தியே மூளைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரம் மிச்சமாவதால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றதும் எல்லோரும் சந்தோஷமாகக் கையை நீட்டினார்கள்.

ஆலை வாசலுக்கு எதிரே தவமணியின் கிரில் கடை மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. தகரக் கூரை, சில மேசைகள், ஒரு கரியடுப்பு. வில்லை பழுதாகி மாற்றக் கொடுத்தவர்கள்தான் அவளுடைய வாடிக்கையாளர்கள். புதியது பொருத்த ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் பசிக்கும்.

கிரேன் ஓட்டும் சிக்கந்தர் அப்படித்தான் வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அக்கா, உள்ள என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

தவமணி சிரித்தாள். "அது பசி தம்பி. மறந்தே போச்சா? உக்காரு."

மிளகும் எலுமிச்சையும் தடவிச் சுட்ட கோழித்தொடையை அவன் முன்னால் வைத்தாள். முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டான். நிறுத்தவில்லை. எலும்பை உறிஞ்சிவிட்டு இன்னொன்று கேட்டான். சாப்பிட்டு முடித்தபின் விரலை நக்கியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி.

மறுநாள் புது வில்லையோடு மறுபடி வந்தான். அதே கோழியைக் கேட்டு வாங்கி, இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

"நேத்து வேற மசாலாவாக்கா?"

"அதே மசாலாதான். நேத்து நீ வேற ஆளு."

அந்த வார்த்தை அவனை விடவில்லை. இரும்புத் தகடுகளைக் காந்தத்தால் தூக்குவது அவனுடைய அன்றாட வேலை. வில்லைக்குள்ளும் சத்தைத் திறந்துவிட நூல்போன்ற ஓர் இரும்புத் தாழ் இருப்பது அவனுக்குத் தெரியும். ஒருநாள் முற்பகலில் சிறிய காந்தம் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தான். தாழ் மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் பசி வந்தது. மேலாளரிடம் கால்வலி என்று சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினான்.

பிறகு அவனோடு வெல்டர்கள் வந்தார்கள், பெயின்ட் பிரிவுப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காந்தம். கோழி வேகும்வரை பொறுக்கமாட்டாமல் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கடைசித் துண்டுக்குச் சண்டை போட்டார்கள், பிறகு அதையே பிய்த்துப் பகிர்ந்துகொண்டார்கள். பல வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அந்தக் கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேலை நேரத்தில் ஆட்கள் குறைவதை ஆலை கண்டும் காணாமல் விட்டது. மாலையில் கூடுதலாக நின்று அவர்கள் கணக்கை நேர்செய்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் சங்கமித்ரா வந்து உட்கார்ந்தாள். வில்லை தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர். அதை மறைக்கவும் இல்லை.

"யாரையும் மாட்டிவிட வரல. எப்படிப் பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"எதுக்குமா?" என்றாள் தவமணி.

"காந்தம் ஆபத்து. இதையே பாதுகாப்பா செய்ய வழி இருக்கு."

சிக்கந்தருக்குப் பெருமை தாங்கவில்லை. காந்தத்தை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று எல்லாவற்றையும் செய்தே காட்டினான். அவள் தன் கையிலும் கட்டிப் பார்த்தாள். பசி வந்தபோது அவள் கண்கள் கலங்கின. மூன்று துண்டு சாப்பிட்டாள். "நாங்க எதை நிறுத்திட்டோம்னு எங்களுக்கே தெரியல" என்று உண்மையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த பருவத்தில் எல்லோருக்கும் வில்லையை மாற்றினார்கள். புதியதில் காந்தம் வேலை செய்யவில்லை. பதிலாகப் 'பசித்திறப்பு' என்றொரு வசதி இருந்தது. கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரம் பசிக்கும். இலேசு, நடுத்தரம், உச்சம் என்று அளவுகளும் உண்டு. இலேசான பசிக்கே தவமணியின் கோழியைவிடப் பல மடங்கு விலை.

வெல்டர்கள் வருவது நின்றது. அவர்களுடைய மேசைகளில் பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பசி கண்டுபிடிக்கப்பட்ட கடை என்று யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். தவமணி இரண்டாவது அடுப்பு போட்டாள், கூரையை மாற்றினாள். கோழியின் விலையை மட்டும் ஏற்றவில்லை. ஏற்றாமல் இருந்தால் பழையவர்கள் திரும்பி வருவார்கள் என்று நினைத்தாள்.

சிக்கந்தர் ஒரு காரியம் செய்தான். வில்லையையே எடுத்துப் போட்டுவிட்டான். ஆலை மறுநாளே கணக்கை முடித்தது. பசிக்கிற ஆளுக்கு இடைவேளை கொடுக்க வேண்டும், அதற்கு அங்கே இடமில்லை. மற்ற ஆலைகளும் அதையே சொல்லின. சத்துநீரும் வில்லை உள்ளவர்களுக்குத்தான். கட்டட வேலை, மூட்டை தூக்குவது என்று கிடைத்த நாளில் கிடைத்ததைச் செய்தான். கடைப் பக்கம் வருவதை விட்டுவிட்டான்.

ஒரு மதியம் அவன் தெருவின் எதிர்ப்புறம் நடந்து போவதைப் பார்த்துத் தவமணி இடுக்கியோடு ஓடிப்போய் வழிமறித்தாள்.

"இன்னொரு நாள் வர்றேங்க்கா."

"அடுப்புல துண்டு கருகுது. பேசாம வா."

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் அவனை உட்காரவைத்து, தட்டு நிறைய வைத்தாள். குனிந்தவன் நிமிரவில்லை. தோல், தசை, ஒட்டிய மசாலா, எலும்பின் நுனி எதையும் விடாமல் சாப்பிட்டான்.

பக்கத்து மேசைக்காரர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை. அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது, கொஞ்சம் பொறாமையும்.

"எந்த அளவுல வச்சிருக்கீங்க? நான் உச்சத்துல வச்சும் எனக்கு இப்படி வரலையே."

சிக்கந்தர் வாயைத் துடைத்துக்கொண்டான். "அளவெல்லாம் இல்லீங்க. வேலை இல்ல. நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் இப்பத்தான் சாப்பிடுறேன்."

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். மற்ற மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பசி எங்க கிடைக்குது?"