தொட்டிக்கு மூன்று நாள் இருட்டு

நவம்பர் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. ஒரு வாரமாக விடாது பெய்த மழை முந்தைய மாலையோடு ஓய்ந்திருந்தமையால், அன்று விடியும்போதே வானம் கழுவித் துடைத்த பீங்கான் தட்டைப்போல் பளிச்சென்றிருந்தது. வெயில் கண்களைக் கூசச் செய்தது. எனினும், நான்காம் மாடியில் இருந்த அந்த வீட்டின் கூடத்துக்குள் அவ்வெயிலின் ஒரு கீற்றுகூட நுழையவில்லை.

கூடத்துச் சோபாவில் படுத்திருந்த செவிலி விழித்தபோது, நாணயம் ஒன்றைச் சப்பிக்கொண்டே உறங்கியவளைப்போல் அவளுடைய நாக்கில் இரும்புச் சுவை ஊறியிருந்தது.

எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரோரம், ஒரு கட்டிலின் நீளத்துக்கு நின்ற கடல்மீன் தொட்டி கறுப்புத் துணியால் முழுவதும் போர்த்தப்பட்டு, விளிம்பெல்லாம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது. துணிக்குள்ளிருந்து மோட்டார்களின் முனகலும், வடிகட்டிக்குள் நீர் விழும் சலசலப்பும், அவற்றுக்கெல்லாம் அடியில், சளி கட்டிய குழந்தை மூச்சுவிடுவதைப் போன்ற ஓர் ஈரமான, மெல்லிய இழுப்பும் கேட்டன. மோட்டாருக்குள் காற்று புகுந்திருக்கும் என்று எண்ணி, இன்னும் நன்றாகக் கேட்பதற்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இழுப்பு நின்றது.

மூச்சை விட்டாள். மீண்டும் கேட்டது.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் பணிபுரிபவள். கத்தரி ஒன்று தரையில் விழுந்தால் அதைக் குனிந்தும் பாராமல் வேறொன்றை எடுத்து நீட்டும் பழக்கம் அவளுடைய எலும்புவரை ஊறிப்போயிருந்தது. வீட்டையும் அவள் அரங்கமாகவே நடத்தினாள். அதனால்தான் கணவன் அவளுக்குப் ‘பினாயில் ராணி’ என்று பட்டம் சூட்டியிருந்தான். அவர்களுடைய ஏழு வயது மகளுக்கோ, ஓரிடத்தில் நில்லாத குணத்தால், ‘வாலு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்தத் தொட்டி வாலுவின் உலகம். இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள், விரல்களை விரித்து அசையும் பவளங்கள், கண்ணாடியில் ஊரும் நத்தைகள். தொட்டிக்கு மேலே தொங்கிய நீலவெண் விளக்குகளின் பொத்தான் வாசற்கதவை ஒட்டியிருந்தது. காலைதோறும் ஓடிவந்து அதைத் தட்டி, “சூரியன் வந்தாச்சு!” என்று கூவுவது வாலுவின் தனியுரிமை, வேறு யாராவது தட்டிவிட்டால் அன்று வீடு இரண்டுபடும்.

சில வாரங்களுக்கு முன், மணலின்மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்தது. மூக்குச் சளிபோல் வழவழப்பானது. நூல்நூலாக மேல்நோக்கி நீண்டு, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குமிழியைத் தாங்கி நின்றது. விளக்கணைந்தால் மறைந்தது, விளக்கு வந்ததும் முன்னிலும் அடர்த்தியாகத் திரும்பியது. வாலுவுக்கு அந்தக் குமிழிகளின்மேல் கொள்ளை ஆசை. முக்காலியில் ஏறி நின்று, முழங்கைவரை கையை விட்டு, ஒற்றை விரலால் அவற்றை ஒவ்வொன்றாக உடைப்பாள். பின்னர் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து மல்லாந்து கிடந்தன. பின்னர் வாலு இருமத் தொடங்கினாள்.

அன்றே மகளையும் கணவனையும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கூடவே, வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினி ஒரு புட்டி. தொட்டி குணமாகும்வரை வாலு இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது அவளுடைய உறுதி.

உறிஞ்சினாள், தேய்த்தாள், வடிகட்டினாள், நீரை மாற்றினாள். பழுப்பு இருமடங்காகியது. கடைசியில், பவளம் விற்கும் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“சிஸ்டர், நீங்க வெச்சிருக்கிறது மீன் தொட்டியா, ஆபரேஷன் தியேட்டரா?” என்று அவர் சிரித்தார்.

“சுத்தமா வெச்சுக்கறது ஒரு தப்பாண்ணா?”

“அளவுக்கு மேல போனா தப்புதான். தண்ணியில கொஞ்சம் அழுக்கு வேணும். அதைத் தின்னு பொழைக்கிற நல்ல பாசி, நல்ல கிருமி எல்லாம் வேணும். நீங்க அதுங்களைப் பட்டினி போட்டே கொன்னுட்டீங்க. வீடு காலியாச்சு, இது குடி வந்துடுச்சு. பேரு டைனோஃபிளாஜெல்லேட். எங்க ஆளுங்க டைனோன்னு கூப்பிடுவாங்க. ஒண்ணொண்ணும் ஒரே ஒரு செல், கண்ணுக்குத் தெரியாது. ஆனா வெளிச்சம் பட்டா போதும், பஸ்ஸைப் பார்த்த கூட்டம் மாதிரி ஒண்ணு கூடிடும். இருட்டினா கலைஞ்சு தண்ணியோட தண்ணியா போயிடும்.”

நம்ப முடியாவிட்டால் சோதித்துப் பார்க்கச் சொன்னார். சளியை ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டினாள். நீர் பளிங்காக இறங்கியது. அதைத் தொட்டி விளக்கின்கீழ் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அந்தத் தெளிந்த நீருக்குள் பழுப்பு நூல்கள் ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டு, விளக்கை நோக்கி எழுந்து நின்றன.

“மூணு நாள் தொட்டிய இருட்டாக்குங்க,” என்றார் கடைக்காரர். “ஒரு புற ஊதா விளக்குக் குழாய் தர்றேன், தண்ணி அது வழியா ஓடட்டும். கழுவாதீங்க, மாத்தாதீங்க. கையக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க, அதுதான் உங்களுக்குக் கஷ்டம். இன்னொண்ணு, இதுல சிலது விஷம். பக்கத்துல உக்காந்து தொட்டியிலருந்து தெறிக்கிற சாரலை மோந்துக்கிட்டு இருக்காதீங்க.”

தொட்டியைத் தொடக்கூடாது என்றதும் அவளுடைய கைகள் அவளையே தேய்க்கத் தொடங்கின. சன்னல்களையெல்லாம் அட்டையும் நாடாவும் கொண்டு அடைத்தாள், முகக்கவசம் அணிந்தாள், நினைவு வரும்போதெல்லாம் கிருமிநாசினியால் கொப்பளித்தாள், தொண்டை எரியும்வரை கொப்பளித்தாள். இன்றோடு அந்த மூன்று நாள் முடிகிறது.

தொண்டை கரகரக்கவே, கழிவறைக்குச் சென்று வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்துத் துப்பினாள். அங்கே சுவரின் உச்சியில் இருந்த சிறு காற்றுத்துளையை மட்டும் அவள் அடைக்கவில்லை. அதன் வழியாக வெயில் ஒரு கயிறுபோல் இறங்கிக் கைகழுவும் தொட்டியின்மேல் விழுந்தது. குழாயில் அடைப்பு இருந்தமையால் துப்பிய நீர் மெதுவாகவே வடிந்தது. அவள் கூடத்துக்குத் திரும்பி, மீண்டும் கண்ணயர்ந்தாள்.

பிற்பகலில் மறுபடி கழிவறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வடியாமல் தேங்கிய நீரில், வெயில் விழுந்த இடத்தில் மட்டும், பழுப்பு நூல்கள் நின்றன. நுனிதோறும் குமிழி.

கையில் ஒட்டியிருந்தது விழுந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும். பதற்றத்தின்போது விதிமுறையைப் பற்றிக்கொள்வது அவளுடைய தொழிற்பழக்கம். ஆகவே, கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் குவளையையும் பிரிக்காத வடிதாளையும் எடுத்துவந்தாள். கையுறை அணிந்தாள். குடிநீரால் கொப்பளித்து, அதை வடிதாளின் வழியே குவளைக்குள் துப்பினாள். நீர் பளிங்காக இறங்கியது. குவளையை வெயிலில் வைத்துவிட்டு, கழிவறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

நீரின் நடுவில் ஒரு புகைபோல முதலில் ஏதோ தோன்றியது. புகை இழையானது. இழை இன்னோர் இழையைத் தேடியது.

செவிலி எழுந்து, வெயிற்கயிற்றுக்குள் முகத்தை நீட்டி, முகக்கண்ணாடியின்முன் வாயைத் திறந்தாள்.

நாக்கு வெளிறியிருந்தது. ஈறுகள், பற்கள், உள்நாக்கு யாவும் அவ்வளவு தூய்மையாக, எதுவும் வாழாத இடம்போல் இருந்தன. ‘வீடு காலியாச்சு’ என்ற குரல் நினைவுக்கு வந்த அதே கணத்தில், அடிநாக்குக்குப் பின்னால் மெல்லிய அசைவு ஒன்றை உணர்ந்தாள். எண்ணற்ற நுண்துகள்கள் நெஞ்சின் மூலைமுடுக்குகளையெல்லாம் விட்டு மேலே ஊர்ந்து, ஒரே இடத்தை நோக்கி விரைந்தன. தொண்டை நிரம்பியது. மூச்சு நுழையவில்லை. பின்வாங்க எண்ணினாள், முகமோ தன்னிச்சையாக வெயிலை நோக்கி நிமிர்ந்தது. கழுத்தை அவளால் திருப்ப முடியவில்லை. கால்கள் துவண்டு தரையில் விழுந்தபோதுதான் வெயில் முகத்தைவிட்டு அகன்றது.

இருட்டு. தொண்டைக்குள் அடைப்பு மெல்லக் கரைந்தது. காற்று சீறிக்கொண்டு உள்ளே போயிற்று.

தவழ்ந்து வெளியேறி, கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள்.

கூடத்தின் கும்மிருட்டில், முதுகைச் சுவரில் சாய்த்து அமர்ந்தாள். மூச்சுவிட முடிந்தது, ஆகவே சிந்திக்கவும் முடிந்தது. மருத்துவமனைக்குப் போகவேண்டும். போவதற்கு வெளியே இறங்கவேண்டும். வெளியே, ஒரு வாரத்து மழைக்கெல்லாம் சேர்த்து, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் யாரையாவது அழைக்கலாம். சோபாவின் இடுக்கில் துழாவி எடுத்தாள். விரல் பட்டதும் திரை ஒளிர்ந்தது. மோவாயில் அந்த வெளிச்சம் பட்டதுதான் தாமதம், தொண்டை முடிச்சிட்டது. கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டாள். தன் கையால் அடைத்த சன்னல்கள், தன் கையால் ஒட்டிய நாடா. இந்த இருட்டு ஒன்றுதான் இனி அவளுக்கு மூச்சு.

கவிழ்ந்து கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. கண்ணை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவி எடுத்து, மீண்டும் கவிழ்த்தாள்.

“பினாயில் ராணி, தூக்கமா?” கணவனின் குரல்.

“எங்க இருக்கீங்க?”

“கீழதான். வாலு அத்தை வீட்டுல ஒரே அடம், அழுகை. மூணு நாள்தான் முடிஞ்சிடுச்சே, கூட்டிட்டு வந்துட்டேன். என்ன உன் தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?”

“வராதீங்க. ஏங்க, அவளைக் கூட்டிட்டுத் திரும்பிப் போங்க.”

“வாசல் வரைக்கும் வந்துட்டு எங்க திரும்பறது?”

“லைட்டு... லைட்டைப் போடாதீங்க.”

அவன் சிரித்தான். “ஓ, அப்படியா சங்கதி! வாலு, அம்மா தொட்டியில ஏதோ சர்ப்ரைஸ் வெச்சிருக்காங்கடி.”

“நான்தான் சூரியனைப் போடுவேன்!” என்ற கூவல் தொலைவில் கேட்டது.

“அப்புறம் இன்னொண்ணு. உன் மருந்தை ஒரு வேளை விடாம கொப்பளிக்க வெச்சுட்டேன். உன் பொண்ணு வாயில இப்ப ஒரு கிருமி கிடையாது. திருப்தியா?”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மகளின் வாய். தேய்த்துக் கழுவிக் காலியாக்கிய சின்ன வீடு.

மின்தூக்கி எங்கோ கீழே முனகியது.

தாழ்ப்பாள். உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் போதும். எழ முயன்றாள், கால்கள் கேட்கவில்லை. முழங்காலில் ஊர்ந்தாள். முக்காலி தட்டுப்பட்டது. தள்ளினாள். துணிக்குள்ளிருந்து நீரின் சலசலப்பு. தன் நெஞ்சுக்குள்ளிருந்து அந்த ஈரமான இழுப்பு. கதவு. கதவின் மரம். மேலே, இன்னும் மேலே. விரல்நுனியில் இரும்பு.

பூட்டுக்குள் சாவி திரும்பியது.

கதவு திறந்து அவளைச் சுவரோடு தள்ளியது. அப்பாவின் கைக்கு அடியில் நுழைந்து ஒரு சிறிய உருவம் ஓடிவந்தது. பொத்தான் ‘டக்’கென்றது.

“சூரியன் வந்தாச்சு!”

கூடம் நீலவெண்மையாய் வெடித்தது.

கணவன் நேரே தொட்டிக்குப் போய்த் துணியைக் கிழித்து இழுத்தான். மணல் வெண்மணலாக இருந்தது. பாறையில் ஓர் இழை இல்லை. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் பவளத்தின் விரல்களுக்கிடையே நீந்தின.

“ஜெயிச்சுட்டேடி ராணி! சுத்தமா போயிடுச்சு பாரு!” என்று அவன் திரும்பிப் பாராமலே கூறினான்.

வாலு திரும்பிப் பார்த்தாள்.

முழங்காலிட்டிருந்த அம்மாவின் முகம் மகளின் முகத்துக்குச் சரியான உயரத்தில் இருந்தது. அது விளக்கை நோக்கி நிமிர்ந்திருந்தது. திரும்பவில்லை. உதடுகளை இறுக மூடியிருந்தாள். மூச்சில்லை. கூவ முடியவில்லை. கையை உயர்த்த எண்ணினாள். எண்ணம் கைக்குப் போகவில்லை. கண்கள் மட்டும் மகளை நோக்கி உருண்டன. போ. போ, கண்ணே. ஓடு.

மூடிய உதடுகளின் நடுவே ஒரு பழுப்பு நூல் வெளிப்பட்டது. காற்றில் தயங்கியது. பின் விளக்கை நோக்கி நீண்டு நின்றது. அதன் நுனியில் ஒரு குமிழி பருத்து, நீலமாய் மின்னியது.

“ஐ!” என்றாள் வாலு. அவளுக்குப் பயமே இல்லை. வாயெல்லாம் சிரிப்பாக, அம்மாவின் முகத்தருகே வந்து, ஒற்றை விரலை நீட்டினாள்.

அப்போது மாலை மணி ஐந்து பதினேழு.