மேகத்தின் நடுப்புள்ளி

சுவரில் இருந்த கறை நகர்ந்திருந்தது. ஈரக்கறை படரும், காயும். நகருமா? மூக்கண்டப்பள்ளியில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலிருந்தே டெல்சிக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது. உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கி, மேலும் கீழும் விரிந்து, ஓரமெல்லாம் துருச் சிவப்பு. வீட்டுக்கார கோவிந்தப்பனிடம் சொன்னதற்கு, "பாத்ரூம் தண்ணி ஊறுதும்மா, பெயின்ட் அடிச்சா போயிரும்" என்றார். அடித்தார்கள். பெயின்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது சனியன்.

வெளியே உச்சி வெயில், அறைக்குள் மட்டும் இருட்டு. நைட் ஷிப்ட் முடித்து வரும் புருஷன் ஜோஸ்வின் பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்து வைத்திருந்தார்கள். தூரத்தில் லாரிகளின் ஏர்ஹாரன், எங்கிருந்தோ இரும்பு தீயும் வாடை, கட்டிலில் அவன் மூச்சு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் எதையோ உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கட்டிலை ஒட்டிய நாற்காலியில், கறைச் சுவருக்கு முதுகு காட்டி, அதிலேயே தலையைச் சாய்த்து, லேப்டாப் வெளிச்சத்தில் டெல்சி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை வானத்து வேலை. பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்று அனுப்பும் படங்களை அளக்க வேண்டும். ஊதிப்போன சிவப்பு நட்சத்திரம் ஒன்று, அதை ஒட்டிக்கொண்டே சுற்றும் வெள்ளைக் குட்டி ஒன்று. குட்டி பெரியதை உறிஞ்சும். தின்றது அளவுக்கு மிஞ்சினால் வெடித்துத் துப்பும். துப்பியதெல்லாம் உடுக்கை வடிவ மேகமாக விரிந்துகொண்டே போகும். பழைய படத்தின் மேல் புதிய படத்தை வைத்து, மேகத்தின் ஒவ்வொரு முடிச்சும் நகர்ந்த திசையில் அம்பு போட்டு, அம்புகளைப் பின்னோக்கி இழுத்தால் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேரும். துப்பிய குட்டி அங்கேதான் இருக்கும்.

ஜோஸ்வின் வற்றிக்கொண்டே போனான். கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை தொங்கியது. சுகரும் இல்லை, டிபியும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். இந்த வீடுதான் அவனைத் தின்கிறது என்று டெல்சிக்கு நிச்சயம்.

"ஊத்தங்கரைக்கே, உங்கம்மா ஊட்டுக்குப் போயிரலாங்க" என்று அழுதும் பார்த்தாள்.

"பர்மனென்ட் பண்ற நேரத்துல எங்கடி போறது?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மேல்வீட்டு மாரம்மா காலையில்கூட வழிமறித்துக் கேட்டாள்: "உன் ஊட்டுக்காரரு இப்படி வத்தலா போயிட்டாரே! நீ மட்டும் என்னாம்மா சாப்படறே, மூஞ்சி அப்படிப் பளபளங்குது?"

டெல்சி சரியாகச் சாப்பிட்டே நாளாகிறது. பசியே எடுப்பதில்லை. கவலையினால்தான் என்று நினைத்திருந்தாள்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். கோவிந்தப்பனுக்குக் காட்ட முன்பு எடுத்த போட்டோ போனில் இருந்தது. எழுந்து வாசற்படியில் நின்று, அதே கோணத்தில் கறையை மறுபடி எடுத்தாள். நாற்காலிக்குத் திரும்பி, இரண்டையும் ஏற்றி, அம்புகளைப் போட்டாள்.

"எங்க ஒளிஞ்சிருக்கே, நாசமாப் போறதே."

பின்னோக்கி இழுத்தாள். கோடுகள் பாத்ரூம் குழாய்க்குப் போகவில்லை. கட்டிலுக்கும் போகவில்லை.

நாற்காலி. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. தலை சாய்க்கும் இடம்.

வாயில் ஒரு தித்திப்பு. காலையிலிருந்தே இருந்த தித்திப்பு.

மெல்லத் திரும்பினாள். ஜோஸ்வினின் வாய் பாதி திறந்திருந்தது. உதட்டிலிருந்து சிவப்பாக ஒரு புகை, நூல் தடிமனில், நெளிந்து நெளிந்து வந்தது. அவளை நோக்கி. மூச்சைப் பிடித்தாள். நூல் நின்றது. மூச்சை இழுத்தாள். வந்தது.

மாதாவே.

ஓடினாள். தான் விலகினால் அவன் பிழைப்பான். அது போதும். கதவைச் சாத்தினாள். வாசல் நடை. வெயில். வாயைப் பொத்திய கை. கதவடியில் சிவப்பு கசிந்து, அவள் கால்விரலைத் தொட்டு நின்றது. மூச்சு விடாதே. விடாதே.

உள்ளே இருமல்.

"டெல்சி... எங்கடி போயிட்டே? கிட்ட வாயேன்."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

சிவப்பு மொத்தமும் எழுந்து வந்தது. இருமல் நின்றது. அவள் முதுகுக்குப் பின்னால், போன வாரம்தான் வெள்ளையடித்த நடைச்சுவரில், ஈரமாக ஒரு உடுக்கை விரியத் தொடங்கியது.